நம்பர் அடித்த ஜெட்

ஜவுபர் கிக்கரை உதைத்தார். பைக் இருமியது, உறுமப் பார்த்தது, முறுக்கியதும் நின்றுபோனது. அடுப்படி வாசலில் நின்ற ஸம்ஸியா வாய்க்குள் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றாள்.

வாப்பா விட்டுப்போன அந்த பி.எஸ்.ஏ. பென்டம் பைக் அவருக்கு இரண்டாம் பெண்சாதி. அதற்கு அசல் சாமான் தேடி அவர் கிளறாத பழைய இரும்புக் கடை கல்முனையில் கிடையாது. பளபளத்தால் திருப்பி வைத்துவிடுவார். அசலில் நம்பர் அடித்திருக்கும், மங்கித்தான் இருக்கும் என்பார். எண்பத்தைந்தாம் ஆண்டில், ஊரே நடுங்கிக்கொண்டிருக்கையில், ஒரு மனுசனுக்கு இப்படியும் ஒரு கவலை. சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி ஸம்ஸியாவுக்கும் அசலும் நகலும் பிடிபட்டிருந்தன.

அடுத்த வீட்டு வளவு மசூரிடம் துவக்கும் தோட்டாவுமாக வந்தவர்கள் பைக்கைக் கேட்டார்கள். தர மாட்டேன் என்றான். பைக்கும் போனது, மசூரும் போனான். ஓடாத பைக்கை ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பது ஸம்ஸியாவின் கணக்கு. காபரேற்றரைக் கழுவும்போது, பெற்றோல் போகிற சின்னப் பித்தளை ஜெட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, துளை சரியில்லாத நகல் ஒன்றைப் பூட்டிவிட்டாள். அவர் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். அவளை அவ்வளவு நம்பினார்.

இன்றைக்குத்தான் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இஞ்ச பாரு புள்ள, நம்பரில்ல. கடைக்காரன் என்னை ஏமாத்திப்போட்டான்.”

“உடுங்களன். பைக்கில்லாம நாம வாழலயா?”

“தங்கரத்தினம் அண்ணன்ட்ட இதே பைக் சும்மா கிடக்கு. அதில அசல் இருக்கும். போய்க் கேட்டுட்டு வாறன்.”

தங்கரத்தினம் இருப்பது தம்பிலுவிலில், தமிழ் ஊர். தமிழ், முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை, அவர்கள் இங்கே வருவதுமில்லை.

“அங்கயா? உங்களுக்கென்ன விசரா?”

“அவரு வாப்பாட கூட்டாளி. என்னை என்ன செய்வாரு?”

“அவரு செய்ய மாட்டாரு. வழியில நிக்கிறவங்க?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு அவள் கைக்குள் இருந்தது. அவிழ்த்துக் காட்டினால் போதும், போக மாட்டார். ஆனால் பைக் இப்போதே ஓடும், நாளைக்குத் துவக்குகள் வாசலில் நிற்கும். எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் அவள் நின்றபோதே பஸ் ஹோர்ன் கேட்டது.

“லுஹருக்கு முந்தி வந்திருவன்” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நடுப்பகலில் லுஹருக்குப் பாங்கு கேட்டது. பின்னேரம் அசருக்கும் கேட்டது. தெற்கே எங்கேயோ வெடிச்சத்தமாம், பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டதாம் என்று வேலிக்கு மேலால் சொன்னது மசூரின் உம்மா.

“பயப்படாத மகள், வந்திருவாரு” என்றாள். மசூரைப் பற்றியும் அவள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஸம்ஸியா முற்றத்துக்கு வந்து முடிச்சை அவிழ்த்தாள். ஜெட் மணலில் விழுந்தது. எடுத்து, அவர் ஊதுவது போலவே ஊதி, காபரேற்றரில் பூட்டினாள். வேலிப் படலையை அகலத் திறந்துவிட்டு, உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிக்கரை உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கேட்கட்டும். எல்லாருக்கும் கேட்கட்டும். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும், அவரை மட்டும் விட்டால் போதும். அவள் முறுக்கினாள். அசல் ஜெட், பைக் நிற்கவில்லை. திறந்த படலைக்கு அப்பால் ஒருவருமில்லாத வீதியில் அதன் சத்தம் கடற்கரை வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.