பனியில் வைத்த ரைஸ் குக்கர்

“மோந்து பாருடி! நல்லா மோந்து பாரு! பன்னெண்டு கிலோ கோழி!”

அழகம்மா கோழிப் பையை ராசம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். பையிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசற்படியெல்லாம் வழிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்க வலப்பனைக்குக் கட்டிக்கொண்டு போன பட்டுச்சேலையைக்கூட அவள் மாற்றவில்லை.

“நான் எதுக்கு மோக்கணும்? நேத்து ராவுலருந்தே எனக்கு மணந்துகிட்டுத்தான் இருக்கு,” என்றாள் ராசம்மா. “நல்லா மசாலா தூக்கலாப் போடுங்கக்கா.”

“வேணும்னே செஞ்சிருக்கா! வேணும்னே ட்ரிப் சுவிட்ச விழ வச்சிருக்கா!”

“நான் சோறு ஆக்குனேன். கரண்டு போயிருச்சு. சுவிட்சத் தூக்கிவிடலாம்னு வந்தா உங்க கதவுல பூட்டு. பூட்டுனது யாரு? நானா?”

அழகம்மா கோழிப் பையைத் தன் வாசல் வாங்குப் பலகையில் தொப்பென்று போட்டாள். இந்தத் தேயிலைத் தோட்ட லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் அவள் ஒரு சண்டையில் பின்வாங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். பாதி துருவிய தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்ததற்குப் பலன் இருந்தது.

அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் மூன்றாம் காம்பராவில் குடியிருப்பவளுக்கு முதலிரண்டு காம்பராக்களின் சங்கதி தானாகவே வந்து சேரும். சுவர் அவ்வளவு மெல்லிசு.

முதல் காம்பராவில் அழகம்மா, அவள் புருஷன் இராமையா, மகள் சுலக்ஷனா. இரண்டாவதில் இராமையாவின் செத்துப்போன தம்பி சோலைமலையின் பெண்சாதி ராசம்மா, மகள் லோஜினி. இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். அதுவும் இராமையா பேரில். ட்ரிப் சுவிட்ச் இருப்பது அழகம்மாவின் முன்சுவரில். சுவரில் போட்ட ஓட்டை வழியாக ஒரு வயர் ராசம்மா வீட்டுக்குப் போகும். ராசம்மா வீட்டில் எது பழுதானாலும் இரண்டு வீடும் சேர்ந்து இருட்டாகும். அப்போது ராசம்மா அந்த வாசலில் போய் நிற்க வேண்டும்.

“அக்கா, கொஞ்சம் தூக்கிவிடுறீங்களா?”

அழகம்மா தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, கொண்டையை அவிழ்த்து முடிந்து, பிறகுதான் எழுந்திருப்பாள்.

தனி மீட்டர் எடுக்க ராசம்மா கடிதம் எழுதி வைத்திருந்தாள். தனக்கு ஆட்சேபனை இல்லையென்று இராமையா அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கடிதம் இரண்டு வருஷமாக அவர் வீட்டுக் கலண்டருக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. இராமையாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அழகம்மா சொன்னால்தான் கை வரும்.

இவ்வளவும் சாதாரணச் சண்டைதான். பகையாக மாறியது அதற்கு முந்தின ஆவணியில், லோஜினியைப் பெண் பார்க்க வந்த அன்று.

பொகவந்தலாவையிலிருந்து விஜிதரன் என்ற பையனின் வீட்டார் பத்துப்பேர் வந்தார்கள். ராசம்மா அதற்கென்றே ஹட்டனில் ஒரு ரைஸ் குக்கர் வாங்கியிருந்தாள். சம்பா அரிசியைப் போட்டுப் பொத்தானை அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் டப்பென்று சுவிட்ச் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அழகம்மா வீட்டில் பூட்டு. ஆள் வருவது தெரிந்தே, புருஷனையும் மகளையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே ஹட்டனுக்குப் போய்விட்டாள். அவசரமாக அடுப்பு மூட்டினார்கள். விறகு நனைந்திருந்தது. சோறு மேலே குழைந்து, நடுவே அரிசியாகவே இருந்தது, புகை நாற்றத்தோடு. பையனின் தாய் இரண்டு வாய் மென்றுவிட்டு, “பல்லுல கடிபடுது,” என்றாள். அதற்குப் பிறகு அங்கிருந்து பேச்சே வரவில்லை.

அதோடு அழகம்மா நிறுத்தியிருக்கலாம். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் நின்று, ‘வேகாத சோத்து வீடு’ என்று ஒரு பேரை வைத்தாள். கொழுந்து நிறுக்கிற இடத்திலும் அந்தப் பேர்தான், கோயிலிலும் அந்தப் பேர்தான். நானும் இரண்டு தடவை சொல்லியிருப்பேன். வாயில் நன்றாக உட்கார்ந்த பேர்.

குக்கரைப் பார்க்க மின்வேலை செய்யும் சின்னத்தம்பி வந்தார். “சாமான் நல்ல சாமான்தான்க்கா. அடியில ஈரம் எறங்கியிருக்கு. பின்சுவத்துல சாய்ச்சு வச்சா இந்தப் பனிக்கு எறங்கத்தான் செய்யும். அடுப்படியில காய வச்சுப் போடுங்க, சுவிட்ச் விழாது.”

ராசம்மா காய வைத்தாள். சுவிட்ச் விழவில்லை. எல்லாரும் அதோடு முடிந்ததென்று நினைத்தோம்.

கார்த்திகையில் ஒருநாள், பொழுது சாயும் நேரம், நான் பின்பக்கம் துணி எடுக்கப் போனேன். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் வெளியே கிடந்ததை உள்ளே எடுக்கிற நேரத்தில், ராசம்மா மட்டும் குக்கரை வெளியே கொண்டுவந்து, தண்ணீர்ப் பீப்பாயின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

“என்னா ராசம்மா, குக்கருக்கு வேர்க்குதா?”

“ஆமாக்கா. கொஞ்சம் குளிரட்டும்.”

அன்றிரவு அழகம்மா பார்க்கும் டீவி நாடகத்தில் கதாநாயகி விஷத்தைக் குடிக்கப் போன நேரம் பார்த்து, டப். அடுத்த நாள் சுலக்ஷனா முடியைச் சுருட்ட உட்கார்ந்தபோது, டப். ராசம்மா எதையும் வீணாக்கமாட்டாள். பனியில் வைப்பாள், வேண்டிய நேரத்தில் செருகுவாள், பிறகு அடுப்போரம் வைத்துக் காயவிடுவாள். யாராவது வந்து பார்த்தால் குக்கர் நல்ல பிள்ளையாக இருக்கும்.

தையில் சுலக்ஷனாவுக்கு வலப்பனைச் சம்பந்தம் கூடியது. பௌர்ணமிப் போயா தினமான திங்கட்கிழமை நிச்சயம். போயாவில் இறைச்சிக்கடை திறக்காது என்பதால் அழகம்மா வெள்ளிக்கிழமையே கோழி வாங்கிப் புது ஃபிரிட்ஜில் அடைத்தாள். சனி விடியற்காலை எல்லாருமாக மாப்பிள்ளை வீடு பார்க்கப் புறப்பட்டார்கள். ஞாயிறு மாலைதான் திரும்புவார்கள் என்று ராசம்மாவிடம் சொன்னது நான்தான். சும்மா பேச்சுவாக்கில் சொன்னது.

சாவியை யாரிடமும் கொடுக்காமல், வழக்கம்போலப் பூட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள் அழகம்மா. பஸ் வளைவு திரும்பியது. ராசம்மா குக்கரைச் செருகினாள்.

டப்.

அவள் வீடும் இரண்டு நாள் இருட்டுத்தான். மெழுகுதிரி வெளிச்சத்தில் ரொட்டி சுட்டுத் தின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நிம்மதியாக இருப்பவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கோழியைத்தான் ஞாயிறு மாலை அழகம்மா அவள் மூக்கில் நீட்டினாள்.

“நாளைக்கு இருவது பேரு வர்றாங்கடி! நான் எதைப் போடுவேன்?”

“அன்னைக்கு எனக்கு மட்டும் யாரும் வரலையா? பத்துப்பேரு வந்தாங்க. நான் என்னத்தப் போட்டேன்னு ஊருக்கே சொன்னீங்களே!” ராசம்மா ஒரு படி இறங்கினாள். “நாளைக்கும் நான் சோறு ஆக்கத்தான் போறேங்கக்கா. காலையில ஒருதரம், அவங்க வந்தப்புறம் ஒருதரம். நல்லா வேகுறவரைக்கும் ஆக்குவேன்.”

இராமையா அதுவரை மூலையில் நின்று குடையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குடை எப்போதோ சுருண்டுவிட்டது.

“என்னாதான் வேணும் ஒனக்கு?” என்றாள் அழகம்மா. குரல் பாதியாகிவிட்டது.

“கலண்டருக்குப் பின்னால இருக்கு.”

அழகம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் உள்ளே போனார். டோர்ச் வெளிச்சத்தில், கோழிப் பையை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்த வாங்குப் பலகையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். ராசம்மா கடிதத்தை வாங்கி மகளிடம் காட்டினாள்.

“ஒனக்காகத்தான்டி இவ்வளவும்.”

லோஜினி அதைத் தொடவில்லை. “எனக்காகன்னு சொல்லாதீங்கம்மா. அந்தப் பொகவந்தலாவப் பையன எனக்குப் புடிக்கவே இல்ல. அன்னைக்குச் சோறு வேகாதப்ப நான் சாமிக்குச் சூடம் கொளுத்துனேன்.”

ராசம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. டோர்ச்சை இராமையா அணைத்துத் தொலைத்தார்.

மறுநாள் நிச்சயத்தில் இருபது பேருக்கும் கோழிக்குப் பதில் சோயாமீட் குழம்பு. கரண்டு போகவில்லை. ராசம்மா கையெழுத்துக்கு மரியாதை கொடுத்து விறகடுப்பில்தான் சமைத்தாள். மாப்பிள்ளையின் தாய் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஆனால் வலப்பனையில் இன்றுவரை அழகம்மாவுக்கு ‘சோயாமீட் சம்பந்தி’ என்றுதான் பேர். அந்தப் பேர் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்த அன்று ராசம்மா எல்லாருக்கும் பாயாசம் கொடுத்தாள்.

வைகாசியில் சுலக்ஷனா கல்யாணம் முடித்து வலப்பனை போனாள். ராசம்மாவின் வாசலில் தனி மீட்டர் ஏறிய மாதமே லோஜினி கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். அங்கேயே வேலை செய்த கஜேந்திரனைக் கல்யாணம் முடித்துக்கொண்டாள். ஹட்டனில் படித்த நாளிலிருந்தே பழக்கமாம். விஜிதரன் இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறான். எங்கே போனாலும் சோற்றை முதலில் நசுக்கிப் பார்க்கிறார்களாம்.

போன மாதம், சுலக்ஷனாவின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அழகம்மாவும் இராமையாவும் வலப்பனைக்கே போய்விட்டார்கள். போகும்போது வீட்டைப் பூட்டி, சாவியை ராசம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள் அழகம்மா. பக்கத்திலேயே நின்ற என்னிடம் கொடுக்கவில்லை.