ஒரு ராத்திரிக்கு எங்கே

துபாயிலிருந்து லீவில் வந்த மகன், மனைவியோடு கொச்சியில் தங்கியிருந்தான். மருமகள் போனில் கேட்டாள்: "அத்தை, ஒரு ராத்திரிக்கு ஆலப்புழா போகவா, சக்குபள்ளம் வரவா?"

சக்குபள்ளம் எங்கள் மலையூர். என் மனைவி மாரீஸ்வரிக்கு இங்குள்ள விடுதியில் அறை துடைக்கும் வேலை. விருந்தாளிகள் கேட்டால் உள்ளதைச் சொல்லிப் பழகியவள், மருமகளிடமும் அதையே சொன்னாள்.

"இங்க மழைம்மா. அட்டை கடிக்கும். மலையே தெரியாது. ஆலப்புழாதான் நல்லாருக்கும்."

"சரிங்க அத்தை."

"கூறுகெட்டவளே, வர்றவங்கள நீயே வெரட்டிட்டியே!" என்று கத்தினேன்.

"அப்பவும் வர்றோம்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அவர்களுக்காகக் கட்டிலில் விடுதியில் போலவே வெள்ளை விரிப்பை இழுத்துச் சொருகியிருந்தாள். அது கசங்கக்கூடாதென்று நாங்கள் தரையில் படுத்தோம்.

மகன் விமானம் ஏறிவிட்டான். இன்னும் தரையில்தான் படுக்கிறோம்.