கூரையில் ஒட்டிய முப்பத்தொன்பது பெட்டிகள்

இயற்பியல் பேராசிரியரின் காகிதங்கள் நாற்பது பெட்டிகளில் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. கயிற்றை அவிழ்த்ததும் முப்பத்தொன்பது பெட்டிகள் நிதானமாக மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் மேசையிலேயே இருந்தது. வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்தார், ரசீதில் கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். இறக்குவது வரைதான் அவர் பொறுப்பு.

துறையிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்தார்கள். கட்டடத்தைக் குறை சொன்னார்கள், தேநீர் குடித்தார்கள், இது தங்கள் பாடத்திட்டத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

காப்பகத்தில் பட்டியல் எழுதுகிறவளுக்கு மட்டும் இதில் ஆச்சரியமே இல்லை. மேலே போனவற்றில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும்: தலைமையுரைகள், தனக்கு விருது கேட்டுத் தானே எழுதிய பரிந்துரைகள், மாலையும் கழுத்துமாக எடுத்த படங்கள். மேசையில் தங்கியதில் இருந்தவை அவளுடைய நோட்டுகள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, காற்றில்லாத குழாயில் குண்டு விழும் நேரத்தை நாலு வருஷம் கண் எரிய அளந்து எழுதியவை. பேராசிரியர் மத்தியானத் தூக்கம் முடிந்து வருவார், பேனா மூடியைப் பல்லால் கழற்றுவார், முதல் பக்கத்தில் தன் பெயரைப் போடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் வழிகாட்டுதல். அந்த நோட்டுகளிலிருந்து வந்த ஒரே கண்டுபிடிப்பைத் தன் பெயரில் வெளியிட்டு, அதைப் பற்றிப் பேசியே இருபது வருஷம் ஓட்டினார். அவள் ஆய்வேட்டை நீட்டியபோது, "இதுதான் ஏற்கெனவே வெளியாயிடுச்சேம்மா, புதுசா என்ன இருக்கு?" என்று திருப்பிக் கொடுத்தார். பட்டமில்லாமல் வெளியே வந்தவளுக்குக் கிடைத்தது இந்த நாற்காலி.

காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை யார் தன் கையால் தூக்கிப் பதிவு மேசையில் வைக்கிறாரோ அவர் பெயரில்தான் அது ஏறும். ஏறினால் ஏறினதுதான், அப்புறம் மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை பேராசிரியர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். கூரையில் இருந்தவற்றைக் கொக்கியால் இழுத்து இழுத்து முப்பத்தொன்பதையும் பதிந்தார்; விட்டதும் அவை பழைய இடத்துக்கே போயின. நாற்பதாவது அசையவில்லை.

"என்னம்மா, உள்ள கல்லா வச்சிருக்க?"

"நீங்க அனுப்பினபடியேதான் இருக்கு சார். வழிகாட்டிப் பாருங்களேன், எழுந்தாலும் எழும்."

"இது என் பெட்டி" என்று சொல்லி இழுத்தார். மேசைக் கால்கள் ஒரு விரற்கடை தரையில் இறங்கின. "என் வாழ்நாள் உழைப்பு" என்றார். தரைக்கல்லில் விரிசல் விழுந்தது. அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டாம் என்று பதிவு எழுத்தர் கேட்டுக்கொண்டார். கீழ்த்தளத்தில் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

அவள் எழுந்து வந்தாள். காய்கறிப் பை மாதிரி பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் வைத்தாள்.

"யார் பேருல?" எழுத்தர் தலை நிமிரவில்லை.

அவள் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவர் மையால் எழுதி, ஒற்றி எடுத்தார்.

"அப்போ எனக்கு?" என்றார் பேராசிரியர்.

"உங்களுக்குத்தான் முப்பத்தொன்பது இருக்கே சார். போதாதா?"

இப்போது அவளுடைய நோட்டுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி பத்தவில்லை. பேராசிரியரைப் படிக்க விரும்புகிறவர்களுக்காக மூலையில் ஒரு ஏணி வைத்திருக்கிறார்கள். இதுவரை அதில் ஏறியவர் ஒருவர்தான், பல்பு மாற்ற வந்தவர். பெட்டிகளைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு வேலையை முடித்துக்கொண்டு இறங்கினார்.