நாச்சியார் சொன்ன அளவு

நாச்சியார் இறந்த 1986 ஆடி மாதத்திலிருந்து, ராஜபாளையத்தில் அவள் கணவர் சமுத்திரம் கட்டிக்கொண்டிருந்த விமானத்தின் வலது டேங்கில் பெட்ரோல் பதினோரு லிட்டருக்குக் கீழே இறங்கவில்லை. சமுத்திரம் விமானப்படையில் இருபது வருஷம் எஞ்சின் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்தவர். மூடிக்கிடந்த பஞ்சுக் கொட்டகை ஒன்றில் முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு வைத்து அதைக் கட்டினார். இறக்கைக்கு ஒரு டேங்க். இரண்டும் ஒன்றுபோலக் குறைய வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் விமானம் அந்தப் பக்கம் சாயும். எஞ்சினை ஓடவிட்டு இடது டேங்கை அவர் பார்ப்பார், வலது டேங்கின் கண்ணாடிக் குழாயைப் பார்த்து நாச்சியார் அளவைக் கத்திச் சொல்வாள். அன்றைக்கு, "பதினொண்ணு" என்றாள். பிறகு வேறு ஏதோ சொன்னாள். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. அடுத்த அளவுக்காக இரண்டு நிமிஷம் காத்திருந்துவிட்டு அந்தப் பக்கம் போனபோது, அவள் நெஞ்சடைத்து இறக்கைக்குக் கீழே உயிரில்லாமல் கிடந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டிருந்த மகள் பரிபூரணம் வந்து அழுது ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா கடைசியா என்னப்பா சொன்னா?"

"சத்தத்துல கேக்கல தாயி."

அதோடு எட்டரை வருஷம் அவள் அப்பாவிடம் பேசவில்லை.

அந்த எட்டரை வருஷத்தில் சமுத்திரம் செய்து பார்க்காத மாற்றம் இல்லை. பெட்ரோல் குழாய்களை இரண்டு பக்கமும் ஒரே நீளத்துக்கு வெட்டினார். காற்றழுத்தம் ஒன்றாக இருக்கட்டும் என்று இரண்டு டேங்கின் தலையையும் ஒரு குழாயால் இணைத்தார். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடது டேங்க் காலியாகும். வலது டேங்க், எஞ்சின் எவ்வளவு குடித்தாலும், பதினொன்றிலேயே நிற்கும். கிருஷ்ணன்கோவிலிலிருந்து காலேஜ் பஸ்ஸில் வந்த மாணவர்கள் அளந்து பார்த்து, ரெக்கார்டு நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். வளைகுடாச் சண்டையின்போது பெட்ரோல் கிடைக்காத மாதத்தில், ஊரில் பாதி மொபெட்டுகள் அந்த டேங்கை நம்பித்தான் ஓடின.

சமுத்திரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டதாகப் பக்கத்து வீட்டு வேல்சாமி போய்ச் சொன்னதால், 1995 தை மாதம் பரிபூரணம் வந்தாள். கண்ணாடிக் குழாயை வெகுநேரம் பார்த்தாள்.

"இது எறங்கலன்னா விட்ருங்கப்பா. அம்மா சொன்ன எடத்துலயே இருக்கட்டும்."

"மத்த பக்கம் குறைஞ்சா சாயுமே தாயி."

"அங்கயும் பதினொண்ணு ஊத்தி மூடிருங்க. அம்மா டேங்குல மட்டும் ஓட்டுங்க."

சமுத்திரம் இடது டேங்கில் பதினோரு லிட்டர் ஊற்றினார். பிறகு ஸ்பேனரை எடுத்தார். அதை வாங்கி இடது பக்கத்து வால்வை அவள்தான் மூடினாள்.

மாசியில் வற்றிய கண்மாய் ஒன்றிலிருந்து, சமுத்திரம் மட்டும் ஏறிய விமானம் கிளம்பியது. எந்தப் பக்கமும் சாயவில்லை. மலையை ஒட்டிப் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. பெட்ரோல் குறையாததால் இறங்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அனுமதியில்லாமல் பறந்தவரைப் பிடிக்கப் போலீஸ்காரர்கள் ஒரு வாரம் கரையில் காத்திருந்தார்கள். பரிபூரணம் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு ஒரு மாதம் வந்தாள். அப்புறம் கோடை மழையில் கண்மாய் நிறைந்து, இறங்க இடமும் இல்லாமல் போனது. தினமும் நாலு மணிக்கு விமானம் அவள் தெருவுக்கு மேலே போகும். எண்ணெய் சொட்டும் என்பதால், அதற்கு முன்னாலேயே எல்லா வீட்டிலும் மாடிக்குப் போய்க் கொடித் துணிகளை எடுத்துவிடுவார்கள். பரிபூரணம் மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் எடுப்பாள்.