வாஷ்பேசினில் ஒரு சிவப்புக் கோடு

கணவன் ஆரின் இறந்த பதினோராவது நாள் காலையில்தான் மார்லிஸ் அதைப் பார்த்தாள். வாஷ்பேசினின் வெள்ளைப் பீங்கானில், தண்ணீர் இறங்கும் துளையை நோக்கி ஒரு இளஞ்சிவப்புக் கோடு ஓடிக் காய்ந்திருந்தது.

அவளுக்கு அது புதிதில்லை. ஆரின் பல் துலக்கி, ஈறு ரத்தத்தோடு துப்பிவிட்டு, கையால் தண்ணீரை வாரி அடித்துக் கழுவுவான். எவ்வளவு அடித்தாலும் ஒரு கோடு தப்பிவிடும். பல வருடங்களாக அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனவள் அவள். வேலையென்றால், ஏரிக்கரையில் இருக்கும் டூ ஹார்பர்ஸ் ஊரில் டாக்டர் லிண்டாலின் பல் கிளினிக்கில் ஊராரின் பல்லையும் ஈறையும் சுத்தம் செய்வது. இருபத்தாறு வருடச் சர்வீஸ்.

"ஈறு வீங்கியிருக்கு ஆரின். கிளினிக்குக்கு வாயேன்" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள்.

"நீ சமைக்கிறத எல்லாம் மென்னு முழுங்குதே இந்த வாய், இதுக்கு என்ன கொறச்சல்?" என்பான் அவன். சிரித்துவிடுவாள். மூன்று வருடம் சொன்னாள், பிறகு விட்டுவிட்டாள். ஜனவரியில் காட்டில் மரம் அறுத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து பனியில் விழுந்தான். ஓடிக்கொண்டிருந்த மெஷின் ரம்பத்தின் சத்தத்தை வைத்துத்தான் அவன் தம்பி டெல்மர் அவனைக் கண்டுபிடித்தான். பெட்டியில் கிடத்தியிருந்தபோது அவன் உதடுகளைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். இனி இந்த வாயை நான் பார்க்கவே முடியாது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

அந்தக் கோட்டை அவள் துடைக்கவில்லை. மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சர்ச்சிலிருந்து நாலு பேர் கேக்கும் காபியுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். குளியலறை பல்பு அவன் செத்த வாரமே எரிந்து போயிருந்தது. பல்பு மாற்றுவது அவன் வேலை, அவள் தொடவில்லை. தூக்க மாத்திரையின் மயக்கத்தோடு எழுந்து, இருட்டிலேயே பிரஷ்ஷைப் பல்லில் இரண்டு இழு இழுத்துத் துப்பிவிட்டு, காபி போடப் போவாள். ஏரிப் பக்கம் வெளுத்த பிறகு சீப்பெடுக்க வந்தால் பேசினில் அந்தக் கோடு இருக்கும். ஈரமாகவே இருக்கும். சில காலைகளில் குழாய்க்குள் யாரோ வாய் கொப்பளிப்பது போலக் களகளவென்று சத்தம் கேட்கும்.

"வந்துட்டியா?" என்று ஒரு நாள் கேட்டும்விட்டாள். அன்றைக்கெல்லாம் மனம் லேசாக இருந்தது. அதற்குப் பிறகு காலையில் எழுவதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது.

பிப்ரவரி கடைசியில், கிளினிக்கின் பின்னறையில் மதியச் சாப்பாடு. அவளைப் போலவே பல் சுத்தம் செய்யும் ரோண்டா எதிரே உட்கார்ந்து சூப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மார்லிஸ் ஆப்பிளை ஒரு கடி கடித்தாள்.

"மார்லிஸ்."

"என்ன?"

"கையில இருக்கறதப் பாரு."

ஆப்பிளின் வெள்ளைச் சதையில் அவள் பல் பதிந்த இடமெல்லாம் சிவப்பு. நன்றாகத் தெரிந்த சிவப்பு. நாற்பது நாளாக அவள் விடிந்ததும் போய்ப் பார்த்த அதே சிவப்பு.

மார்லிஸ் ஆப்பிளை மேசையில் வைத்தாள். வாயில் இரும்பு ருசி இருந்தது. சாவு விழுந்த நாளிலிருந்தே அந்த ருசி இருந்தது. துக்கம் இப்படித்தான் ருசிக்கும் போல என்று விட்டிருந்தாள். இருபத்தாறு வருடம் ஊராரின் வாயைப் பார்த்தவளுக்குத் தெரியாமலா போகும்? தெரிந்திருந்தது. தெரிந்துகொள்ள மனசில்லை.

"அவர்னு நெனச்சேன் ரோண்டா" என்றாள்.

ரோண்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மார்லிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்த ரோண்டா சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, "எந்திரி. ரெண்டு மணிக்கு வர்றவரு இன்னிக்கு வரல. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ற வாய், நாத்தமடிக்குதுடி. நாலு நாளாச் சொல்ல முடியாம முழுங்கிட்டிருந்தேன்" என்றாள்.

நாற்காலியைச் சாய்த்து, அளவுகோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி இறக்கி ரோண்டா ஆழம் பார்த்தாள். "மூணு. மூணு. நாலு, ரத்தம். அஞ்சு, ரத்தம். ஆறு." மூன்று மில்லிமீட்டர் வரை பயமில்லை. ஆறென்றால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பையாகத் தொங்குகிறது, அடியில் எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது. எத்தனையோ பேருக்கு அவளே விளக்கிச் சொன்னது. இந்த நாற்பது நாளில் வந்ததல்ல. தன் வாயைப் பார்த்துக்கொள்வதை அவள் விட்டே பல வருடமாகியிருந்தது. இந்த நாற்பது நாள் அதைக் கிளறிவிட்டது, அவ்வளவுதான்.

டாக்டர் லிண்டால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆழமாச் சுரண்டணும். மரத்துப்போக ஊசி போட்டு, இன்னிக்கு ஒரு பக்கம், அடுத்த வாரம் ஒரு பக்கம். சர்க்கரையும் பாத்துடலாம்."

"டாக்டர், அவரு இதனாலதான் போனாரா? ஈறு கெட்டா இதயத்துக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே. நான் விட்டுட்டேனே."

"ரெண்டும் சேந்து வர்றதுண்டு. ஆனா ஈறால செத்தான்னு உலகத்துல எந்த டாக்டரும் உனக்கு எழுதிக் குடுக்க முடியாது. வாயத் திற."

பல்லின் வேர் வரைக்கும் கொக்கி இறங்கிப் பற்காரையைச் சுரண்டும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. வலியில்லை. ஆனாலும் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. ரோண்டா அதையும் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பல்பை மாற்றினாள். மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் சாய்த்துப் பிடித்து, ஊராருக்குச் சொன்னபடியே இரண்டு நிமிடம் மெல்லத் தேய்த்தாள். பல் இடுக்கில் குட்டிப் பிரஷ்ஷை விட்டு எடுத்தாள். முதலில் நன்றாகவே ரத்தம் வந்தது. நாளாக ஆகக் குறைந்தது. மார்ச் நடுவில் ஒரு காலை பேசின் முழு வெள்ளையாக இருந்தது.

"ஆரின்" என்று கூப்பிட்டாள்.

குழாயிலும் சத்தமில்லை. இரண்டு மாதமாக ஆளிருந்த வீடு அன்றைக்குத்தான் காலியாயிற்று. குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, சாவன்று அழாத அழுகையை அழுதாள்.

அந்த ஞாயிறு டெல்மர் விறகு கொண்டுவந்து போட்டான். காபி கொடுக்கும்போது அவன் வாயிலிருந்து அண்ணன் வாயின் அதே வாடை வந்தது, அதன் மேலே புதினா மிட்டாய் வாசனை.

"டெல்மர், செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வா. வாயப் பாக்கணும்."

"என் பல்லு கரடிப் பல்லு. ஒன்னும் ஆகாது."

"உங்கண்ணனும் இப்படித்தான் சொன்னாரு. நான் கேட்டுட்டுச் சிரிச்சேன். இனிமே சிரிக்க மாட்டேன்."

டெல்மர் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அவன் பல்லு காட்டப் போனான் மார்லிஸ். கிறிஸ்துமஸ் முடிஞ்சு, ஹிப்பிங் ஊர்ல ஒரு டாக்டர்கிட்ட. நான்தான் வண்டி ஓட்டினேன். வலது பக்கம் சுத்தம் பண்ணிட்டாங்க. இடது பக்கத்துக்கு மறுவாரம் வரச் சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வெக்கம். ஊருக்கே பல்லு பாக்கறவ பொண்டாட்டி, அவ முன்னாடி எப்படிடா இந்த வாயத் தெறக்கறதுன்னான். எல்லாம் சரியானப்புறம் இளிச்சுக் காட்டப் போறேன்னான். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான்."

கடைசி வாரம் முழுக்க அவன் ஒரு பக்கமாகவே மென்றது அவளுக்கு நினைவு வந்தது. எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை. அவன் காத்திருந்தானோ என்னவோ, கேட்கட்டும் என்று.

செவ்வாய்க்கிழமை டெல்மர் வந்தான். குளித்துச் சட்டை மாற்றி, சர்ச்சுக்குப் போகிறவன் போல வந்து நாற்காலியில் விறைத்துப் படுத்தான். மார்லிஸ் கையுறை போட்டு, விளக்கை இழுத்தாள். அந்த வீட்டு ஆண்களுக்கே உரிய நெருக்கமான கீழ்ப்பற்கள். ஈறு கருஞ்சிவப்பாக உப்பியிருந்தது.

"ரொம்ப மோசமா?" கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்.

"மோசந்தான். ஆனா பல்லு எதுவும் ஆடல. வலிச்சா கையத் தூக்கு, நிறுத்திடறேன்."

"வெக்கமா இருக்கு மார்லிஸ்."

"இருக்கட்டும்" என்றாள். "வாய மட்டும் மூடாத."

கம்பியை எடுத்துக் கடைசிக் கடைவாய்ப்பல்லில் வைத்தாள். ரோண்டா எழுதக் காத்திருந்தாள். மார்லிஸ் முதல் எண்ணைச் சொன்னாள்.