திருமலைசாமி வார்த்த சீல்

பெரியநாயக்கன்பாளையத்தில் தண்ணீர் பம்புக்கு ரப்பர் சீல் வார்க்கிறவர் திருமலைசாமி. உலகத்தில் ஒழுகுகிற எதையும் தன் சீல் நிறுத்திவிடும் என்பது அவர் கட்சி. போன மாசம் வீட்டுப் பழைய காரில் கிளட்ச் ஆயில் ஒழுகியபோதும் அவர் கடைப்பக்கம் போகவில்லை.

"சீல் பண்றவனே காசு குடுத்து சீல் வாங்குனா ஊரே சிரிக்குமுங்க" என்று மெக்கானிக் பஷீரிடம் தன் சரக்கில் ஒன்றை நீட்டினார்.

"இதுக்குன்னு தனியா வருதுங்களே..." என்று ஆரம்பித்தார் பஷீர். திருமலைசாமி ஒரு பார்வை பார்த்தார். "செரிங்க" என்று மாட்டிவிட்டார் பஷீர். கோயமுத்தூரில் பாதி வண்டிகள் மரியாதையால்தான் கெட்டுப்போகின்றன.

அந்தக் காரில்தான் மகள் பிரத்யுஷா லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனாள். கிளட்சை அடிவரை மிதித்தும் வண்டி கன்னுக்குட்டியாகத் துள்ளிப் போய்க் கம்பத்தைச் சாய்த்தது. ஃபெயில்.

"உனக்குக் கால் பழகலை அம்மணி. அடுத்த தடவையும் போச்சுன்னா மருதாசலத்தை டிரைவரா வெச்சுரலாம்" என்றார் அவள் நைனா திருமலைசாமி.

மருதாசலம் நல்லவர். எங்கே இறங்கினாள், யாரிடம் பேசினாள் என்பதை யாரும் கேட்காமலே வீட்டில் வந்து ஒப்பிக்கிற அளவுக்கு நல்லவர்.

மறு டெஸ்டுக்கு முந்தின நாள் பிரத்யுஷா காரில் உட்கார்ந்து யோசித்தாள். ஒரு தடவை மிதித்தால் கியர் கரகரக்கிறது. மூன்று தடவை படபடவென்று அடித்து மிதித்தால் சாதுவாக விழுகிறது. கால் பழகாதவளுக்கு மூன்றாவது மிதியில் மட்டும் எப்படிப் பழகும்?

பானட்டைத் திறந்தாள். ஆயில் கப்பில் பாதிதான் இருந்தது. வண்டிக்கடியில் படுத்து, கியர்பாக்ஸ் ஓரத்துக் கிளட்ச் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினாள். ஆயில் முகத்திலேயே சொட்டியது. சிலிண்டரைக் கழற்றினால், உள்ளே நைனாவின் சீல் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஓரம் பிய்ந்து கிடந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இது யாரு சீலுங்க நைனா?"

திருமலைசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "தண்ணியில பத்து வருசம் நிக்கும்."

"இது தண்ணி இல்லீங்க. கிளட்சுக்கு ஊத்துற பிரேக் ஆயிலுங்க."

"அப்ப ஆயிலுதான் செரியில்ல."

காந்திபுரத்தில் வாங்கிவந்த சீலை அவள் மாட்டினாள். ஆனால் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற மேலே கிளட்சை மிதிக்க ஒரு கால் வேண்டும். வீட்டில் இருந்த பழகிய கால் ஒன்றுதான்.

"மிதிங்க நைனா. அப்படியே புடிச்சுக்கங்க" என்றாள் அடியிலிருந்து. காற்றுத் திருகைத் திறந்தாள். புஸ்ஸென்றது. "அய்யோ, நாஞ்சொல்றதுக்கு முன்னாடி விட்டுப்போட்டீங்களே! காத்து மறுக்கா உள்ள போயிருச்சு."

"கால் வலிக்குது கண்ணு."

"பழகிருமுங்க."

மறுநாள் ஒரே மிதியில் கியர் விழுந்தது. கம்பங்கள் நின்றது நின்றபடி இருந்தன. பாஸ்.

சாயங்காலம் திருமலைசாமி கார்ப்பக்கம் வந்தார். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வாரோ என்று பிரத்யுஷா காத்திருந்தாள். அவர் டிக்கியைத் திறந்து ரெண்டு மூட்டை சீலை ஏற்றிப் படாரென்று சாத்தினார்.

"அன்னூர்ல எறக்கிப்போட்டு வந்துரு."

"நான் மட்டுமுங்களா?"

"பின்ன, சீல் ஓட்டிட்டுப் போகுமா?"

அவர் வேறெதையும் யோசிப்பதற்குள் அவள் முதல் கியரைப் போட்டுவிட்டாள்.