ஹேஷ் குறி போட்ட கோப்புகள்

எங்கள் ஸ்கேன் சென்டர் முதலாளிக்குப் பெற்ற மகளைவிட மாப்பிள்ளை மேல்தான் பெருமை அதிகம். சென்டரின் டேட்டாபேஸை எழுதிக் கொடுத்தவர் அந்த மேதைதான். ஸ்கேன் பார்த்து எழுதும் டாக்டர் வேறு ஊரில் இருக்கிறார். அவர் அனுப்பும் ரிப்போர்ட் ஒரு கோப்பாக வந்து சேரும். நோயாளியின் பதிவில் ‘ரிப்போர்ட்’ பட்டனை அழுத்தினால், மாப்பிள்ளை எழுதிய புரோகிராம் கோடு லிங்கைப் பிடித்துப் போய் அந்தக் கோப்பைப் பெரிய திரையில் திறந்து காட்டும்.

சில லிங்குகள் திறக்காது. அப்போது ஒரு எச்சரிக்கை வரும். வந்தவர்கள் முன்னால் அது அசிங்கமாக இருக்கிறது என்று முதலாளி முகம் சுளித்தார். மாப்பிள்ளை என்ன செய்தார்? லிங்க் ஏன் திறக்கவில்லை என்று பார்க்கவில்லை. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வேலையைப் பார் என்று கோடின் தலையில் ஒரு வரி சேர்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, "இப்ப ஸ்மூத்தா போகுது மாமா" என்றார். மாமாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

அன்றிலிருந்து லிங்க் திறக்காவிட்டால் ஒரு சத்தமும் வராது. அதற்கு முன் திறந்த ஆளின் ரிப்போர்ட் திரையில் அப்படியே நிற்கும்.

வந்தவர்களுக்கு ரிப்போர்ட்டைத் திறந்து படித்துச் சொல்வது கவுண்டரில் இருக்கும் என் வேலை. அப்படி நின்ற ஒன்றைப் பார்த்துத்தான் ஒரு தையல் டீச்சரிடம், "பித்தப்பையில கல்லெல்லாம் இல்லம்மா, தைரியமா போங்க" என்று சொல்லி அனுப்பினேன். மேலே இருந்த பெயரை நான் படிக்கவில்லை. மூன்றாம் வாரம் அவரை ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தப்பில் பாதி என்னுடையது, மறுக்கவில்லை. மாப்பிள்ளை மீதிப் பாதியையும் என் தலையில் கட்டினார். "பதினொரு வருஷமா இங்க இருக்காங்க, ஒரு பட்டன் அழுத்தத் தெரியல மாமா." வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார் முதலாளி.

எனக்குக் கோடு எழுதத் தெரியாது. கண் தெரியும். இரண்டு நாள் உட்கார்ந்து பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தையல் டீச்சருடையது உட்பட, திறக்க மறுத்த கோப்புகள் எல்லாவற்றின் பெயரிலும் ஒரு ஹேஷ் குறி (#) இருந்தது. இலவச ஸ்கேன் என்றால் பெயரில் ஹேஷ் போட வேண்டும், முதலாளியே வைத்த வழக்கம் அது. லிங்க்கோ ஹேஷைக் கண்டதும் கோப்பின் பெயர் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். மிச்சப் பெயரை விட்டுவிட்டு இல்லாத கோப்பைத் தேடும். இதுகூடத் தெரியாமல்தான் ஐயா சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை இருவரையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன்.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பாருங்க சார்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் மாப்பிள்ளை.

முதலில் ஒரு கர்ப்பிணியின் பதிவைச் சொன்னேன். மாப்பிள்ளை அழுத்தினார். ரிப்போர்ட் சமத்தாகத் திறந்தது.

"பாத்தீங்களா மாமா?"

"இப்ப சாரோட ரிப்போர்ட்டைத் திறங்க," என்றேன்.

போன மாதம் முதலாளி தன் வயிற்றை ஸ்கேன் எடுத்திருந்தார். சொந்த சென்டரில் அவருக்கும் இலவசம்தான். மாப்பிள்ளைதான் அன்றைக்கு ரிப்போர்ட்டைத் திறந்து படித்துச் சொன்னார். அந்தத் தெம்பில் முதலாளி மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டார்.

மாப்பிள்ளை அழுத்தினார். திரை அசையவில்லை. முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "இருபத்தி நாலு வாரம். குழந்தையின் இதயத் துடிப்பு சீராக உள்ளது."

நான் சிரித்துவிட்டேன். அடக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மாப்பிள்ளை மறுபடி அழுத்தினார், அதற்கு மேலும் இரண்டு முறை அழுத்தினார். குழந்தை நலமாகவே இருந்தது.

முதலாளி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன மாசம் எல்லாம் நார்மல்னு எனக்குப் படிச்சுக் காட்டினீங்களே மாப்ள, அது யாரோடது?"